பார்மட் அக்கா கேட்கும் கேள்வி

பார்மட் அக்காவின் கடைக்கு ஏற பதினெட்டுப் படிகள். கீழே ரொட்டிக்கடை, மேலே அவள் கடை. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்கள் பத்தாவது படியில் நின்று மூச்சு வாங்கும்போது, கீழிருந்து சூடான பன் வாசனை வந்து மூக்கைத் துளைக்கும். பாதிப் பேர் கம்ப்யூட்டரைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கிப்போய், ஒரு பன்னைத் தின்றுவிட்டுத்தான் மறுபடி ஏறுவார்கள். இதற்காகவே ரொட்டிக்கடைக்காரர் அவளுக்கு வாரம் ஒரு ரொட்டி இனாமாகக் கொடுக்கிறார். வாசலில் அவள் கடைக்கு முறையான பெயர்ப் பலகை ஒன்று உண்டு. அதை எழுதியவரைத் தவிர வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ரொட்டிக்கடைக்கு மேலே பார்மட் அக்கா என்றால் தபால்காரருக்குக்கூடத் தெரியும்.

அந்தப் பெயர் அவள் கேட்டு வாங்கியது இல்லை, தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகி இரண்டாவது வருடம். புருஷன் லிஃப்ட் மெக்கானிக், காலையில் போனால் எந்தக் கட்டிடத்தின் எந்த மாடியில் தொங்குகிறான் என்று அவனுக்கே தெரியாது. வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அவள் கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் படித்தாள். படித்ததைச் செய்து பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமே. கொழுந்தன் மாட்டினான்.

கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த கொழுந்தனின் கம்ப்யூட்டர் நத்தையாக ஊர்ந்துகொண்டிருந்தது. "நான் சரி பண்ணித் தரேன்" என்று இவள் உட்கார்ந்தாள். உள்ளே இருந்த டிஸ்க் இரண்டு பார்ட்டிஷனாகப் பிரிந்திருந்தது. ஒன்றில் சிஸ்டம், இன்னொன்றில் அவன் ஒரு வருடம் உழைத்து எழுதிய ஆய்வறிக்கை. இரண்டும் சரியாக நாற்பது ஜிபி. சிஸ்டத்தைப் புதிதாகப் போடும்போது வருகிற திரையில், நமக்குப் பழகிய சி, டி என்ற எழுத்துகள் எல்லாம் இருக்காது. வெறும் வரிசை எண்ணும் அளவும்தான். இரட்டைப் பிள்ளைகளில் யார் பெரியவன் என்று தெரியாத வாத்தியார் மாதிரி அவள் ஒன்றைக் காட்டி பார்மட், அதாவது அழி என்றாள். அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டு அழிந்துவிட்டது. அழிந்த இடத்திலேயே புது சிஸ்டமும் ஏறி, நிறைந்து, நன்றாக உட்கார்ந்துவிட்டது. அறிக்கையைக் கொடுக்க மூன்று நாள் பாக்கி.

"மருமக வந்து வீட்டைச் சுத்தம் பண்ணுவான்னு பார்த்தா, எம் பிள்ளையோட படிப்பையே சுத்தம் பண்ணிட்டா" என்றார் மாமியார். கொழுந்தன் சொல்லச் சொல்ல, இவள் அழுதுகொண்டே தட்டச்சு செய்தாள். மூன்றாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தான். "போன மாசம் காட்டினதுல பாதிதான் இருக்கு, ஆனா இதுதான் நல்லா இருக்கு" என்று பேராசிரியர் பாராட்டிவிட்டார். அன்றிலிருந்து கொழுந்தனுக்கு இவள் பார்மட் அண்ணி. அண்ணி தெருவில் இறங்கியதும் அக்கா ஆனாள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். பார்மட் அக்காவோ சூடு கண்ட அடுப்பங்கரையிலேயே கடை போட்டாள். ஆனால் இரண்டு சட்டங்களோடு போட்டாள்.

முதல் சட்டம், எந்த டிஸ்க்கைப் பிரித்தாலும் ரவுண்டான அளவில் பிரிக்கக் கூடாது. "உங்களுக்கு மறக்காத ஒரு நம்பர் சொல்லுங்க" என்று கம்ப்யூட்டரின் சொந்தக்காரரையே கேட்பாள். பழைய வீட்டு எண், பஸ் எண், கல்லூரியில் தேறாமல் போன மதிப்பெண் என்று எதையாவது சொல்வார்கள். அந்த அளவுக்கே பார்ட்டிஷன் போட்டு, எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவிடுவாள். பத்து வருடம் கழித்து வந்தாலும் எது யார் என்று திரையில் அடையாளம் தெரியும்.

இரண்டாவது சட்டம், அழிக்கிற பட்டனை அவள் அமுக்க மாட்டாள். சொந்தக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இதுல போகக்கூடாதது என்ன?" என்று கேட்பாள். பதில் வந்த பிறகு, சொந்தக்காரர் தன் விரலாலேயே அமுக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு அவள் கேட்டிருக்கிற பதில்களை எழுதினால் புத்தகமே போடலாம். ஒரு லாரி டிரைவர் கால் மணி நேரம் யோசித்துவிட்டு, ஒரு விளையாட்டில் இருநூற்றுப் பன்னிரண்டாம் கட்டம் வரை வந்திருப்பதாகவும், அது போனால் தானும் போய்விடுவதாகவும் சொன்னார். அதையும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் அழித்தார்கள்.

இப்படிப் பதினான்கு வருடம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, தையல்காரம்மா படியேறி வந்தாள்.

தையல்காரம்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. கழுத்தில் மாலை மாதிரி இஞ்ச் டேப். கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சோபாத் துணியில் அளவெடுத்து உறை தைத்து, அதற்கு ஜிப்பும் கைப்பிடியும் வைத்து, பள்ளிக்கூடப் பை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள். பத்தாவது படியில் நிற்கவும் இல்லை, பன் தின்னவும் இல்லை.

"இது எங்க வீட்டுக்காரரோடது மா. அவர் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. இப்ப பொண்ணு எனக்குச் சட்டை டிசைன் வரைய ஏதோ சாப்ட்வேர் வாங்கிக் கொடுத்திருக்கா. ஆனா இதைத் தட்டிவிட்டா, இது எழுந்திருக்கறதுக்குள்ள நான் ஒரு சட்டைக்குக் காலரே வெச்சு முடிச்சிடறேன். மொத்தமா துடைச்சிட்டுப் புதுசா போட்டுக் குடு."

அவள் வீட்டுக்காரர் ஸ்டுடியோ வைத்திருந்த போட்டோக்காரர். அந்த வட்டாரத்தில் அவர் முன்னால் நின்று பல்லைக் காட்டாத ஆள் இல்லை.

பார்மட் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க க்கா. இதுல போகக்கூடாதது என்ன?"

"ஒண்ணும் இல்ல. போட்டோ எல்லாம் பொண்ணு வந்து தனி டிஸ்க்குல எடுத்துட்டுப் போயிட்டா. எண்பதாயிரம் போட்டோ! எல்லார் மூஞ்சியும் இருக்கு, அவர் மூஞ்சி மட்டும் இல்ல."

"ஒண்ணுகூடவா இல்ல?"

"கேமராவுக்குப் பின்னாடியே நின்ன மனுஷன், எப்படி விழுவாரு? அடையாள அட்டையில ஒண்ணு இருக்கு. அதுல திருடன் மாதிரி இருப்பாரு. நாள் பூரா 'சிரிங்க, சிரிங்க'ன்னு கத்துவாரே, அதாவது இருக்கான்னா, போட்டோவுல சத்தம் எங்க கேக்குது?" என்று சிரித்தாள்.

"எதுக்கும் ஒரு தடவை உள்ள பார்த்துடலாமா?"

"மூணு சட்டை காத்துட்டு இருக்கு மா. எங்க அமுக்கணும், சொல்லு."

முன்பு போட்டோக்காரர் கொண்டுவந்தபோது பார்மட் அக்காவே பெட்டிக்குள் ஒட்டிய சீட்டில் இருந்த எண்ணும் திரையில் இருந்த எண்ணும் பொருந்தின. பார்ட்டிஷன் சரி, கேள்வி கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன ஆள்காட்டி விரலால் தையல்காரம்மா அமுக்கினாள். எல்லாம் சட்டப்படி சரியாகவே நடந்தது. அதுதான் கொடுமை.

புது சிஸ்டம் ஏற ஆரம்பித்தது. இரண்டு சதவீதம், மூன்று சதவீதம். பார்மட் அக்கா ஒரு கொட்டாவி விட்டாள்.

"ராத்திரி தூக்கமே இல்ல க்கா. எங்க வீட்டுக்காரர் குறட்டை. லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, குறட்டையும் மேல போகும், கீழ வரும், நடுவுல மாட்டிக்கும். காலையில கேட்டா, 'நானா? நான் குறட்டையே விடறதில்லையே'ங்கறார்."

தையல்காரம்மா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். "எல்லா ஆம்பளைங்களும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சிருக்காங்க போல! எங்க வீட்டுக்காரரும் இதே பாட்டுதான். முப்பது வருஷம் சாதிச்சார். ஒரு நாள் எனக்குப் பொறுக்கலை. போனை எடுத்துத் தலைமாட்டுல வெச்சு, பதினேழு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணினேன். கம்ப்யூட்டர்ல ஏத்தி, சாட்சின்னு பேர் போட்டு, வர்றவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவேன். அவர் கோவிச்சுட்டு வெளிய எழுந்து போயிடுவாரு..."

தட்டிய கை தொடையிலேயே இருந்தது.

"எந்தக் கம்ப்யூட்டர்ல க்கா?" என்றாள் பார்மட் அக்கா மெதுவாக.

தையல்காரம்மா திரையைக் காட்டினாள். ஏழு சதவீதம்.

"போன்ல இருக்கா?"

"அந்தப் போன் தண்ணியில விழுந்து எப்பவோ போச்சு மா. ஐயோ, அது குறட்டைதானேன்னு நான் கணக்குலயே சேர்க்கலையே. அவர் சத்தம்னு எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்."

பார்மட் அக்கா மேசையைத் தாண்டிப் பாய்ந்தாள். டீ கிளாஸ் கவிழ்ந்தது. சுவரில் இருந்த பிளக்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். மின்விசிறி நின்றது. கம்ப்யூட்டர் எட்டு சதவீதம் என்றது. அடுத்ததை இழுத்தாள். ரேடியோ நின்றது. ஒன்பது சதவீதம். மூன்றாவதை இழுத்தபோதுதான் திரை கருத்தது. பதினான்கு வருடத்துக்கு முன்பு கொழுந்தன் கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்த முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"போயிடுச்சா மா?"

பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை, உண்மையைச் சொல்லத் தைரியமும் போதவில்லை. தையல்காரம்மாவின் பாஷையிலேயே சொன்னாள். "க்கா, நீங்க அமுக்கினது துணி மேல போட்ட சாக்பீஸ் கோட்டைத் துடைச்ச மாதிரி. துணி அப்படியேதான் இருக்கும், எது எங்கங்கற கோடு மட்டும் இருக்காது. ஆனா புது சிஸ்டம் ஏறுதே, அதுதான் கத்திரி. ஒன்பது சதவீதம் வெட்டிடுச்சு. உங்க சாட்சி அந்த ஒன்பதுல இருந்தா போச்சு. மீதித் துணியில இருந்தா எடுத்துடுவேன்."

"வெட்டின துணியை வெச்சே நாப்பது வருஷம் பொழைச்சிருக்கேன். தேடு" என்று தையல்காரம்மா நாற்காலியில் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றி, தன்னுடைய கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டினாள் பார்மட் அக்கா. அதில் ஒரு எழுத்துகூட எழுதாமல், படிக்க மட்டும் செய்கிற தேடலை ஓடவிட்டாள். நான்கு மணி நேரம் ஆகும் என்றது திரை. "நீங்க போய்ட்டு வாங்க க்கா, மூணு சட்டை காத்துட்டு இருக்குன்னீங்களே" என்று சொல்லிப் பார்த்தாள்.

"சட்டைக்கு என்ன, அது பாட்டுக்குக் காத்துட்டு இருக்கும்."

ஆனால் அந்தக் கை சும்மா இருக்கிற கை இல்லை. அரை மணி நேரத்தில் கடையின் திரைச்சீலை ஓரம் பிரிந்திருப்பதைக் கண்டுபிடித்தது. பர்ஸிலிருந்து ஊசி நூல் வெளியே வந்தது. திரைச்சீலை முடிந்ததும் நாற்காலி மெத்தை, அதன் பிறகு பார்மட் அக்காவின் கைப்பையில் அறுந்த வார். வேலை செய்துகொண்டே ஒவ்வொரு பத்து நிமிடமும் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்ததுதான் பார்மட் அக்காவைப் பாடாய்ப் படுத்தியது.

இரண்டு மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் சாப்பாட்டு டப்பாவோடு வந்தான். கவிழ்ந்த கிளாஸ், பிடுங்கிய பிளக்குகள், யாரோ ஒரு அம்மாள் தன் மனைவியின் பையைத் தைக்கும் காட்சி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, என்ன தேடுகிறார்கள் என்று கேட்டான். சொன்னாள்.

"குறட்டையையா? இதுக்குப் போயி இவ்வளவு பாடா? எங்கிட்ட சொல்லியிருந்தா நானே பதினேழு நிமிஷம்..."

"ஓஹோ!" என்று பார்மட் அக்கா திரும்பினாள். "அப்ப நீங்க விடறீங்கன்னு ஒத்துக்கறீங்க?"

லிஃப்ட் மெக்கானிக் மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டான். டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, ஏதோ கட்டிடத்தில் அவசரம் என்று இறங்கிப் போனான். பிளக்கைப் பிடுங்கிய பிறகு முதல் தடவையாகத் தையல்காரம்மா மறுபடி வாய்விட்டுச் சிரித்தாள். இருவரும் டப்பாவைத் திறந்து பாதிப் பாதி சாப்பிட்டார்கள்.

மூன்றரைக்குத் தேடல் முடிந்தது. ஒலிக் கோப்புகள் மட்டும் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. ஒன்றுக்கும் பெயர் இல்லை. சாட்சி என்று எழுதியிருந்த பெயரெல்லாம் சாக்பீஸ் கோட்டோடு போய்விட்டது, வெறும் எண்கள்தான். முதலில் ஒன்றைத் திறந்தார்கள். டிங் என்று ஒரு மணி. அடுத்ததில் டொக் என்று ஒரு சத்தம். இப்படியே கேட்டுக்கொண்டிருந்தால் அடுத்த வாரம் வரை டிங் டொக் கேட்கலாம்.

"பேர் இல்லைன்னா என்ன க்கா, அளவு இருக்கே. என் சட்டமே அதுதானே" என்று பார்மட் அக்கா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். "பதினேழு நிமிஷம்னீங்க. குத்துமதிப்பா சொன்னதா, நிச்சயமா?"

"அவரோட சண்டை போடறப்ப நூறு தடவை சொல்லியிருக்கேன். 'பதினேழு நிமிஷம், மூச்சு விடாம!' அளவு எனக்குத் தப்பாது மா."

நீளப்படி வரிசைப்படுத்தினாள். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் மூன்றே மூன்று. முதலாவதில் யாரோ ஒரு ஆள் கேமரா லென்ஸைத் துடைப்பது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டாவதில் வெறும் இரைச்சல். தையல்காரம்மா பையின் வாரைத் தைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஊசி ஒரே இடத்தில் மூன்றாவது தடவையாகக் குத்திக்கொண்டிருந்தது.

மூன்றாவதைத் திறந்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு எங்கோ மரம் அறுப்பதுபோல மெதுவாகத் தொடங்கி, ஏறி, உச்சியில் ஒரு விக்கலோடு உடைந்து, விசிலாக இறங்கியது. ரொட்டிக்கடைக்காரர் கீழேயிருந்து, "மேல என்னம்மா மெஷின் ஓடுது?" என்று குரல் கொடுத்தார்.

"இவரேதான்!" என்றாள் தையல்காரம்மா. "அந்த விசிலைக் கேட்டியா? முப்பது வருஷமா இதை இல்லைன்னு சொன்ன மனுஷன் மா!" சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. பார்மட் அக்காவுக்கோ அழுகை வந்துவிட்டது. பதினான்கு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போனது போல இருந்தது.

நடுவில் ஐந்து நிமிடம் போல வெட்டுப்பட்டு வெறும் கரகரப்பாக இருந்தது. அதைத் தாண்டிக் கடைசிப் பகுதி முழுசாக இருந்தது. "போதும் மா, நிறுத்து. நாங்க எப்பவும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல கேட்டதே இல்ல. அதுக்குள்ள அவர் கோவிச்சுட்டுப் போயிடுவாரே" என்றாள் தையல்காரம்மா, மறுபடி வாரைத் தைத்தபடி.

"கடைசி வரைக்கும் சரியா இருக்கான்னு பார்த்துடறேன் க்கா. இன்னிக்கு இனிமே எதையும் பார்க்காம விடமாட்டேன்."

பதினாறாவது நிமிடத்தில் குறட்டை சட்டென்று நின்றது. கட்டில் கிறீச்சிட்டது. தூக்கம் கலையாத ஒரு ஆண் குரல் கேட்டது.

"என்ன பண்ற?"

அடக்க முடியாத சிரிப்போடு பெண் குரல். "ஒண்ணும் இல்லையே. நீங்க தூங்குங்க."

"நான் எங்க தூங்கினேன்? சும்மா கண்ணை மூடிட்டு இருக்கேன். லைட்டைப் போட்டு இன்னுமா தச்சிட்டு இருக்க? கண்ணு கெட்டுப்போகும். வெச்சிட்டு வந்து படு."

தையல்காரம்மா கையில் ஊசியோடு நிமிர்ந்தாள்.

"இதோ, முடிஞ்சுதுங்க" என்றாள் திரையைப் பார்த்து. சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. அப்போதும் அவள் ஊசியை மெத்தையில் குத்தி, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பையை மடக்கி மேசையில் வைத்துவிட்டாள். அன்றைக்கு அதற்கு மேல் தைக்கவில்லை.

அந்தப் பதினேழு நிமிடத்தை நான்கு இடத்தில் பிரதி எடுத்தார்கள். தையல்காரம்மாவின் போனில் ஒன்று, மகளுக்கு ஒன்று, விரலளவு பென் டிரைவில் ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று பார்மட் அக்காவின் கம்ப்யூட்டரில் ஒன்று. அதற்குப் பிறகுதான் டிஸ்க்கைத் திரும்பப் பெட்டியில் மாட்டி, துடைக்க உட்கார்ந்தார்கள். முழுக்கப் புதிதாகப் பிரிப்பதால் எண் வேண்டுமே என்று பார்மட் அக்கா கேட்டாள்.

"இருநூத்தி நாப்பத்தி ரெண்டு. அவர் சட்டைக்குக் கை இருபத்தி நாலு, மார்பு நாப்பத்தி ரெண்டு."

"இருபத்தி நாலையும் நாப்பத்தி ரெண்டையும் சேர்த்தா நாலு இலக்கம் ஆச்சே க்கா. ரெண்டாயிரத்துச் சொச்சம் ஜிபி இந்த டிஸ்க்குல கிடையாது."

"நடுவுல வர்ற ரெண்டு நாலையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுத் தச்சுடேன். மடிப்பு விடாம எந்தத் தையல் இருக்கு?"

இருநூற்று நாற்பத்திரண்டு என்று சீட்டெழுதி ஒட்டினாள். தையல்காரம்மாவின் விரல் இரண்டாவது தடவை அமுக்குவதற்கு முன், பார்மட் அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். "க்கா, போகக்கூடாதது என்னன்னு கேட்டேன், ஒண்ணும் இல்லைன்னீங்க. இப்ப வேற மாதிரி கேக்கறேன். இதுல உதவாத குப்பைன்னு நீங்க நினைக்கறது என்னென்ன இருக்கு?"

தையல்காரம்மா யோசித்து, யோசித்து, இல்லை என்று தலையாட்டினாள். பார்மட் அக்கா அதையும் நம்பாமல், தானே ஒரு தடவை முழுக்கத் தேடிப் பார்த்த பிறகுதான் விரலை விட்டாள்.

அன்றிலிருந்து கடையில் மூன்றாவது சட்டம். இந்தக் கேள்விக்கு வருகிற பதில்கள் முந்தையதைவிட நீளம். மங்கலான போட்டோ, பாதியில் விட்ட கடிதம், தப்பாகப் பேசிப் பதிவான குரல் என்று ஆட்கள் அடுக்கிக்கொண்டே போகிறார்கள், நடுவில் திடீரென்று நிறுத்தி, "அதை மட்டும் எடுத்து வெச்சிடுங்களேன்" என்கிறார்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகிறது. ரொட்டிக்கடையில் பன் விற்பனையும் கூடியிருக்கிறது.

போன வாரம் கைப்பையின் இன்னொரு வாரும் அறுந்துபோக, அதைத் தைக்கக் கொடுக்கப் பார்மட் அக்கா தையல்கடைக்குப் போனாள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு சட்டைக் காலர் பெரிதாக நின்றது. தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்துக்கு அடியில் மரம் அறுப்பதுபோல இன்னொரு சத்தம் ஏறி, உடைந்து, விசிலாக இறங்கியது. சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர் கையை நீட்டியபடி நின்றுகொண்டு, உள் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"உள்ள யாரோ நல்லா அசந்து தூங்கறாங்க போல இருக்கே?"

"எங்க வீட்டுக்காரர்தான்" என்றாள் தையல்காரம்மா, இஞ்ச் டேப்பைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை இழுத்துப் பிடித்தபடி. "ஆனா தூங்கலையாம். சும்மா கண்ணை மூடிட்டு இருக்காராம்."